லண்டனில் முதல் லெட் வகுப்பு: அஷ்டாங்க யோகாவின் எண்ணிக்கையோடு ஒட்டிப் போக ஒரு முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி, வெள்ளிக்கிழமை, காலை 6.20. லண்டனில் இன்னும் இருட்டு விலகவில்லை. ஒரு பழைய கட்டடத்தின் படிக்கட்டில் உட்கார்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டிருந்த இரண்டு ஜோடி சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் முப்பது பேர் இருந்தார்கள், ஆனால் பேச்சுச் சத்தமே இல்லை. ஆபீஸ் வேலையாக மூன்று வாரம் வந்த இடத்தில், சென்னையில் நாலு வருஷம் மொட்டைமாடியில் செய்த யோகாவை நம்பி ‘லெட் பிரைமரி’ வகுப்புக்குப் பணம் கட்டியிருந்தேன். ஆசிரியர் எண்ண எண்ண, அறை முழுவதும் ஒன்றாக அஷ்டாங்க யோகாவின் முதல் தொடரைச் செய்கிற வகுப்பு அது. எண்ணுவது சமஸ்கிருதத்தில்தானே, ஆசனப் பெயரெல்லாம் காதில் விழுந்ததுதானே, இவர்களுக்கே வரும்போது நமக்கு வராதா என்ற மிதப்பு வேறு.

வகுப்பு தொடங்கிப் பத்து நிமிடம் இருக்கும். ஆசிரியர் ‘சப்த’, அதாவது ஏழு, என்றார். அறையே ஒன்றாக முன்னால் குதித்து வந்து நின்றது. நான் மட்டும் இடுப்பைத் தூக்கிக்கொண்டு அப்படியே இருந்தேன். அவர்களுக்கு ஐந்து மூச்சு முடிந்திருந்தது, எனக்கு இன்னும் மூன்றாவதே முடியவில்லை. அங்கே விட்டதை அன்று கடைசி வரை பிடிக்க முடியவில்லை.

அதன்பின் வெளியூர் போகிற இடங்களில் எல்லாம் இந்த வகுப்பைத் தேடிப் போயிருக்கிறேன். கண்டுகொண்டது ஒன்றுதான்: லெட் வகுப்பில் உடம்பு எவ்வளவு வளைகிறது என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை. எண்ணிக்கை எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்தவர் பாதி ஆசனத்தோடு நின்றாலும் நிம்மதியாக முடித்துவிட்டு வருகிறார். தெரியாதவர், கால் தலைக்குப் பின்னால் போகிறவராக இருந்தாலும், திணறுகிறார். சூரிய நமஸ்காரமும் கொஞ்சம் யோகாவும் தெரியும், ஆனால் லெட் வகுப்புக்குப் போனதில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணமெல்லாம் லண்டன்.

1. அட்டவணையில் எந்தப் பெயர் என்று பாருங்கள்

அஷ்டாங்க ஸ்டுடியோ ஒன்றின் வார அட்டவணையைத் திறந்தால் பெரும்பாலும் ‘மைசூர்’ என்றுதான் இருக்கும். அஷ்டாங்க யோகாவைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ் மைசூரில் 1948ல் தொடங்கிய பள்ளியிலிருந்து வந்த பழக்கம் அது. எல்லோரும் ஒரே அறையில் இருப்பார்கள், ஆனால் அவரவர் மூச்சுக்கு அவரவர் வரிசையைச் செய்வார்கள். ஆசிரியர் ஒவ்வொருவரிடமாக வந்து சொல்லிக் கொடுப்பார். லெட் வகுப்பு வேறு. ஆசிரியர் எண்ணுவார், அறை முழுவதும் ஒன்றாக அசையும். அவரவராகச் செய்யும்போது வாரம் முழுக்க ஒட்டிக்கொண்ட சோம்பலையும், கூடுதல் மூச்சையும், தலைமுடி ஒதுக்குவது, துண்டு எடுப்பது போன்ற சில்லறை வேலைகளையும் வாரக் கடைசியில் வழித்தெடுக்கத்தான் இந்த வகுப்பு. அதனால்தான் பல இடங்களில் வெள்ளி அல்லது ஞாயிறு காலையில் வைக்கிறார்கள்.

‘மைசூர் ஸ்டைல்’ என்றதும் தேர்ந்தவர்களுக்கானது, ‘லெட்’ என்றதும் சொல்லிக் கொடுத்து நடத்துவது, ஆகவே புதியவர்களுக்கானது என்று நினைக்கத் தோன்றும். நிஜம் தலைகீழ். புதிதாகப் போனால் மைசூர் வகுப்பில்தான் உங்களுக்கென்று நேரம் ஒதுக்குவார்கள். சூரிய நமஸ்காரமும் நாலைந்து நின்ற நிலை ஆசனங்களும் கற்றுக் கொடுத்து, நாற்பது நிமிடத்தில் படுக்க வைத்து அனுப்புவார்கள். லெட் வகுப்பில் நிறுத்தி விளக்க நேரம் கிடையாது. பயணத்தில் இரண்டு மூன்று நாள் கையில் இருந்தால், புதன், வியாழன் மைசூர் வகுப்புக்குப் போய்விட்டு வெள்ளிக்கிழமை லெட் வகுப்புக்குப் போங்கள். ஆசிரியருக்கு உங்கள் முகமும் முழங்காலும் பழகியிருக்கும்.

‘ஃபுல் பிரைமரி’ என்றால் முதல் தொடர் முழுவதும், ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ‘ஹாஃப் பிரைமரி’ என்றால் பொதுவாக, படகு போல உட்காருகிற நாவாசனம் வரை போய், அங்கிருந்து முடிவு ஆசனங்களுக்குத் தாவிவிடுவார்கள். இரண்டும் இருந்தால் யோசிக்காமல் பாதியை எடுங்கள். ‘வின்யாச ஃப்ளோ’ என்பது வேறு சமாசாரம், அதில் வரிசை ஆசிரியரின் விருப்பம்.

அப்புறம், காலண்டரைப் பாருங்கள். மரபை ஒட்டி நடத்துகிற ஸ்டுடியோக்கள் அமாவாசை, பௌர்ணமி அன்று மூடியிருக்கும். ‘மூன் டே’ என்று போட்டிருப்பார்கள். சனிக்கிழமையும் பல இடங்களில் விடுமுறை. அன்றைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வேண்டும் என்பது பட்டாபி ஜோயிஸின் பழைய மாணவர்களிடையே இருக்கும் வழக்கம், அதுவும் விளக்கெண்ணெய். லண்டன் ஃபிளாட்டின் குளியல் தொட்டியில் விளக்கெண்ணெயோடு வழுக்கிக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரர்களை நினைத்துப் பார்த்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

2. பதிவு

வாசலில் போய் நின்றால் இடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். இணையத்தில் முன்கூட்டியே பதிந்து பணம் கட்ட வேண்டும். லண்டனில் ஒரு தனி வகுப்புக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 பவுண்டு ஆகும். புதியவர்களுக்கு ஒரு வாரம், இரண்டு வாரம் என்று சலுகைச் சீட்டு இருந்தால் அதையே வாங்குவது லாபம். கடைசி நேரத்தில் ரத்து செய்தால் பணம் திரும்பாது.

பதிந்த கையோடு ஸ்டுடியோவுக்கு நாலு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். எவ்வளவு நாளாக யோகா செய்கிறீர்கள், அஷ்டாங்க வரிசையில் எதுவரை தெரியும், எங்கே வலி, இதுதான் முதல் லெட் வகுப்பு. அவ்வளவு போதும். ‘வேண்டாம், இந்த வாரம் மைசூர் வகுப்புக்கு வாருங்கள்’ என்று பதில் வந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், நல்ல ஆசிரியர் என்று அர்த்தம். பயணக் காப்பீட்டில் இதுபோன்ற வகுப்புகள் அடங்குமா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘ஏதாவது ஆனால் என் பொறுப்பு’ என்று ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள்.

3. எண்ணிக்கையை மனப்பாடம் செய்யுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

லெட் வகுப்பில் இரண்டு எண்ணிக்கைகள் ஒன்றுக்குள் ஒன்றாக ஓடும். சமஸ்கிருத எண் வந்தால் அசைய வேண்டும். ஆங்கிலத்தில் ஒன், டூ, த்ரீ என்று வந்தால் அப்படியே இருந்து மூச்சு விட வேண்டும். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் என் முதல் வெள்ளிக்கிழமை வேறு மாதிரி போயிருக்கும். ஒவ்வொரு சமஸ்கிருத எண்ணுக்கும் ஒரு மூச்சு, உள்ளே அல்லது வெளியே.

சூரிய நமஸ்காரம் ‘ஏ’வில் ஒன்பது எண்கள்:

ஏகம்: மூச்சு உள்ளே, கைகள் மேலே, பார்வை கட்டைவிரலில்.
த்வே: மூச்சு வெளியே, முன்னால் குனிதல்.
த்ரீணி: உள்ளே, தலையை மட்டும் நிமிர்த்துதல்.
சத்வாரி: வெளியே, கால்கள் பின்னால் போய், முழங்கையை மடக்கி உடம்பைத் தரைக்கு இணையாகத் தாங்குகிற சதுரங்க தண்டாசனம்.
பஞ்ச: உள்ளே, மார்பை உயர்த்தி ஊர்த்வமுக ஸ்வானாசனம் (மேல்நோக்கிய நாய்).
ஷட்: வெளியே, இடுப்பை உயர்த்தி அதோமுக ஸ்வானாசனம் (கீழ்நோக்கிய நாய்). இங்கேதான் ஐந்து மூச்சு, ஆங்கில எண்ணிக்கையில்.
சப்த: உள்ளே, கால்கள் கைகளுக்கு நடுவே, தலை நிமிர்தல்.
அஷ்டௌ: வெளியே, குனிதல்.
நவ: உள்ளே, எழுந்து கைகள் மேலே.
பிறகு ‘சமஸ்திதி’: மூச்சு வெளியே, கைகள் கீழே.

சூரிய நமஸ்காரம் ‘பி’யில் பதினேழு. ஏகத்தில் முழங்கால் மடங்கி உத்கடாசனம். த்வே முதல் ஷட் வரை மேலே சொன்னதேதான், ஆனால் ஷட்டில் தங்கல் கிடையாது. சப்த என்றதும் வலது கால் முன்னால் வந்து வீரபத்ராசனம். அஷ்டௌ, நவ, தச மூன்றும் சதுரங்கம், மேல்நோக்கிய நாய், கீழ்நோக்கிய நாய். ஏகாதச, இடது கால். த்வாதச, த்ரயோதச, சதுர்தச மறுபடி அதே மூன்று, சதுர்தசத்தில் ஐந்து மூச்சு. பஞ்சதச தாவல், ஷோடச குனிதல், சப்ததச மறுபடி உத்கடாசனம், சமஸ்திதி.

நமக்கு இதில் ஒரு சௌகரியம் உண்டு. பஞ்சமி, சஷ்டி, சப்தமி, அஷ்டமி, நவமி, தசமி, ஏகாதசி, துவாதசி, திரயோதசி, சதுர்த்தசி என்று திதி பார்த்துப் பழகின வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண்கள் ஏற்கெனவே நாக்கில் இருக்கின்றன. பக்கத்து விரிப்பில் இருக்கும் ஸ்வீடன்காரர் மாதக்கணக்கில் உருப்போட்டது நமக்கு அரை மணி வேலை. ஆனால் திதி தெரிந்தால் மட்டும் போதாது, எண்ணோடு அசைவு ஒட்ட வேண்டும். ஒரு வாரம், காலையில் பல் தேய்க்கும் முன் மூன்று ‘ஏ’, மூன்று ‘பி’, எண்ணை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். விமானத்தில் கண்ணை மூடி உட்கார்ந்தபடியே மனதுக்குள் ஓட்டலாம். பக்கத்து சீட்டுக்காரர் ஜபம் என்று நினைத்து தொந்தரவு செய்யமாட்டார்.

வரிசையில் மீதி ஆசனங்கள் எல்லாம் மனப்பாடமாக வேண்டியதில்லை. சங்கிலி மட்டும் தெரிந்தால் போதும்: சூரிய நமஸ்காரம், நின்ற நிலை, உட்கார்ந்த நிலை, பின்வளைவு, தலைகீழ் நிலைகள், பத்மாசனம், படுப்பது. எதைச் செய்தாலும் முதலில் வலது பக்கம்.

4. முந்தின ராத்திரியும் அன்றைய காலையும்

குளிர்காலத்தில் லண்டன் நம்மைவிட ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. போன புதிதில் விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும், சென்னையில் அப்போது எட்டரை. எல்லோரும் சபிக்கிற இந்த ஜெட்லேக் காலை ஆறரை வகுப்புக்கு ஒரு வரம். ஆனால் இறங்கின மறுநாளே போகாதீர்கள். பத்து மணி நேரத்துக்கு மேல் சீட்டில் மடங்கிக் கிடந்த இடுப்பும் தொடைப் பின்தசையும் இரண்டு நாளாவது கேட்கும்.

ராத்திரி சாப்பாடு சீக்கிரம், கொஞ்சமாக. காலையில் வயிறு காலியாக இருக்க வேண்டும். சுருண்டு திரும்புகிற ஆசனங்களில் அரை வாழைப்பழம்கூடத் தான் இருப்பதை ஞாபகப்படுத்தும். காபிக்கு மட்டும் விலக்கு உண்டு. ‘காபி இல்லையேல் பிராணன் இல்லை’ என்பது அஷ்டாங்கக்காரர்களின் நிரந்தர ஜோக். ஒரு சின்னக் கோப்பை குடித்துவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். தண்ணீரையும் முன்பே குடித்துவிடுங்கள், வகுப்பு நடுவில் பாட்டிலைத் திறப்பது வழக்கமில்லை.

ஞாயிறு வகுப்பென்றால் போக்குவரத்தை முதல் நாளே பாருங்கள். ஞாயிறு காலை டியூப் ரயில் தாமதமாகத்தான் தொடங்கும். வெள்ளி, சனி இரவுகளில் முழு இரவும் ஓடுகிற விக்டோரியா, ஜூபிலி, சென்ட்ரல், நார்தர்ன், பிக்காடிலி தடங்களுக்குப் பக்கத்தில் தங்கியிருந்தால் தப்பித்தீர்கள். இல்லாவிட்டால் பேருந்துதான். வாரக் கடைசியில் தண்டவாள வேலை என்று ஒரு பாதையையே மூடிவிடுவதும் சகஜம்.

இருபது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேருங்கள். மைசூரின் கோகுலம் பகுதியில் பட்டாபி ஜோயிஸின் பேரன் சரத் நடத்திய ஷாலாவின், அதாவது யோகப் பள்ளியின், கடிகாரம் 15 நிமிடம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கண்டிப்பு உலகம் முழுக்கப் போயிருக்கிறது. ஆறரை என்றால் ஆறரைக்குக் கதவு சாத்தப்படும். ‘ஒரு நிமிஷம்தான்’ எல்லாம் எடுபடாது.

5. பையில்

வியர்வை இழுக்கிற, உடம்போடு ஒட்டின உடை. தொளதொள பேன்ட், சல்வார் வேண்டாம், தலைகீழாக நிற்கும்போது முகத்தில் விழும். ஒரு கைத்துண்டு, மாற்று உடை, குளிர்காலமானால் தலைக்குக் குல்லா. விரிப்பைச் சுமந்துகொண்டு விமானம் ஏற வேண்டியதில்லை, ஸ்டுடியோவில் வாடகைக்குக் கிடைக்கும். அதன்மேல் போட ‘மைசூர் ரக்’ என்று ஒரு பருத்தி விரிப்பும் தருவார்கள். விரித்துப் பார்த்தால் நம் பவானி ஜமக்காளத்தின் தம்பி. கை வழுக்கினால் முன்பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொள்ளுங்கள், பிடித்துக்கொள்ளும். மோதிரம், வளையல், செயின் எல்லாம் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். போனை அணைத்து வெளியே விடுங்கள்.

6. எங்கே விரிப்பைப் போடுவது

புதியவர்கள் எல்லோரும் கடைசி வரிசைக்கு ஓடுவார்கள். நானும் ஓடினேன். அது தப்பு என்று பிற்பாடு தெரிந்தது. நின்ற நிலை ஆசனங்கள் பலவற்றில் விரிப்பின் நீளவாட்டில் பக்கவாட்டாகத் திரும்புவோம், கால் வேறு அகலமாக விரியும். ஓரத்தில், சுவரோடு ஒட்டி இருந்தால் பார்த்துச் செய்ய ஆள் இல்லை, சுவர்தான் தெரியும். நடு வரிசையில் நடுவில் போடுங்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருவர் கண்ணில் படுவார். இரண்டு விரிப்புக்கு நடுவே நாலு விரற்கடைதான் இருக்கும், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ‘இங்கே போடலாமா’ என்று கையால் காட்டிக் கேட்டால் போதும். பழைய ஆட்களுக்குப் பழைய இடம் இருக்கும், நம் ஊர் பஜனை மண்டபத்தில் தூணோரம் மாமாக்களுக்கு இருப்பது மாதிரி.

7. வகுப்பு

‘சமஸ்திதி’ என்ற சொல்லோடு எல்லோரும் விரிப்பின் முன்னால் வந்து நிற்பார்கள். கைகூப்பி, ஓம் சொல்லி, தொடக்க சுலோகம். ஆசிரியர் ஒரு வரி, நாம் ஒரு வரி. ‘வந்தே குரூணாம்’ என்று தொடங்கும். இரண்டாவது பகுதி பதஞ்சலி வணக்கம்: தோள் வரை மனித உருவம், கையில் சங்கும் சக்கரமும் வாளும், ஆயிரம் வெண்தலைகள். அந்த இடம் வந்தபோது எனக்குச் சிதம்பரம் ஞாபகம் வந்தது. வியாக்ரபாதரோடு சேர்ந்து நடராஜரின் ஆட்டத்தைப் பார்த்ததாக நாம் கதை கேட்ட அதே பதஞ்சலி. அவரை இங்கே, வெளியே பனி பெய்துகொண்டிருக்கும்போது, முப்பது பேர் இங்கிலாந்து உச்சரிப்பில் கூப்பிடுகிறார்கள். உச்சரிப்பைப் பார்த்துச் சிரிப்பு வந்தால் அடக்குங்கள். சுலோகம் சொல்ல மனமில்லாதவர்கள் சும்மா கைகட்டி நிற்கலாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள்.

சூரிய நமஸ்காரம் ‘ஏ’ ஐந்து, ‘பி’ மூன்றோ ஐந்தோ. இங்கே வேகமாகப் போகிற ஆசை வரும், ஏனென்றால் தெரிந்த பாடம். எண் வருவதற்கு முன்னால் அசையாதீர்கள். நான் அந்த முதல் வகுப்பில் ஷட்டில் மூச்சைத் தவறவிட்டதும், ஈடுகட்ட அடுத்த சுற்றில் முந்திக்கொண்டு ஓடினேன். ஆசிரியர் என் விரிப்புப் பக்கம் வந்து தணிந்த குரலில் சொன்னார்: “எனக்காகக் காத்திருங்கள்.” அவ்வளவுதான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் இன்றுவரை எனக்கு உதவுகிற அறிவுரை அது. பிந்திவிட்டால் துரத்தாதீர்கள். விட்டதை விட்டுவிட்டு, எல்லோரும் இப்போது எந்த எண்ணில் இருக்கிறார்களோ அங்கே போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள்.

சதுரங்கம் வகுப்பு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும், ஐம்பது தடவைக்குக் கிட்டத்தட்ட. தோள் முழங்கையைவிடக் கீழே இறங்க விடாதீர்கள். கை தளர்ந்துவிட்டால் முழங்காலை ஊன்றிச் செய்யுங்கள். இருபதாவதிலேயே ஊன்றுவது நல்லது. நாற்பதாவதில் ஊன்றுகிறவர் ஏற்கெனவே தோளைக் கெடுத்துக்கொண்டிருப்பார்.

நின்ற நிலையில் திரிகோணாசனம், பார்ச்வகோணாசனம், பிரசாரித பாதோத்தானாசனத்தின் நான்கு வகைகள் என்று போகும். உத்தித ஹஸ்த பாதாங்குஷ்டாசனத்தில் ஒற்றைக் காலில் நிற்கும்போது எண்ணிக்கை இழுபடும். காலை நீட்ட வராவிட்டால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். அதற்கடுத்த அர்த்த பத்த பத்மோத்தானாசனத்தில் ஒரு பாதம் எதிர்த் தொடைமேல் ஏற வேண்டும். ஏறவில்லையா, கையால் இழுக்காதீர்கள். பாதத்தைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றால் போதும்.

உட்கார்ந்த நிலையில் ஒவ்வொரு ஆசனத்துக்கும் நடுவே பின்னால் குதித்து, மறுபடி கைகளுக்கு நடுவே புகுந்து உட்கார வேண்டும். பழகினவர்கள் காற்றில் மிதந்து வருவதைப் பார்த்து மலைக்காதீர்கள். காலைக் குறுக்கே போட்டு நடந்தே வாருங்கள், எண் தவறாமல்.

இனி முக்கியமான இடம். மரீச்யாசனம் நான்கு வகை. ‘ஏ’யும் ‘சி’யும் பெரும்பாலானவர்களுக்கு ஏதோ ஒரு அளவில் வரும். ‘பி’யிலும் ‘டி’யிலும் ஒரு கால் பத்மாசனத்தில் மடங்கியிருக்க, மற்ற முழங்கால் மேலே நிற்க, ‘டி’யில் கூடவே உடம்பும் திரும்ப வேண்டும். என் முதல் வகுப்பில் பக்கத்தில் இருந்தவர் கையைப் பின்னால் கோத்துக்கொண்டதைப் பார்த்து நானும் அழுத்தினேன். முழங்காலின் உள்பக்கம் ‘சுருக்’ என்றது. அடுத்த பத்து நாள் டியூப் நிலையப் படிகளைப் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். இடுப்பு திறக்காவிட்டால் அந்தத் திருகல் முழுக்க முழங்காலுக்குத்தான் போகும். அங்கே வலி என்றால் அந்த நொடியே காலைப் பிரித்துவிடுங்கள். மடக்கின காலைத் தரையில் வைத்துக்கொண்டு திரும்பினாலே போதும்.

நாவாசனம் ஐந்து முறை, முடிந்ததும் முதல் முறை வருபவர்கள் நிறுத்திக்கொள்ள நல்ல இடம். இதற்குப் பிறகு வருவது புஜபீடாசனம், கூர்மாசனம், சுப்த கூர்மாசனம், பத்மாசனத்துக்குள் கைகளை நுழைத்து ஒன்பது தடவை உருளுகிற கர்ப்ப பிண்டாசனம், குக்குடாசனம். கர்ப்ப பிண்டாசனத்துக்குக் கை நுழைய பக்கத்திலிருப்பவர்கள் சின்ன பாட்டிலில் இருந்து தண்ணீரைப் பீய்ச்சிக்கொள்வார்கள், உங்கள்மேலும் தெறிக்கும். நிறுத்துவதென்றால் எழுந்து வெளியே போவதில்லை. விரிப்பிலேயே கால் நீட்டி அல்லது மடக்கி உட்கார்ந்து, மூச்சை எண்ணிக்கையோடு விட்டுக்கொண்டிருங்கள். பத்த கோணாசனம், உபவிஷ்ட கோணாசனம் வரும்போது மறுபடி சேர்ந்துகொள்ளலாம். சில ஆசிரியர்கள் அங்கேயே முடிவு ஆசனங்களைத் தனியாகச் செய்யச் சொல்லிக் கை காட்டுவார்கள், அப்படியே செய்யுங்கள். கடைசியில் தலை உச்சியை ஊன்றி வளைகிற சேது பந்தாசனத்தைக் கழுத்து பழகாதவர்கள் முழுசாக விட்டுவிடுங்கள்.

பின்வளைவு, சர்வாங்காசனம், ஹலாசனம், மத்ஸ்யாசனம் எல்லாம் தெரிந்த ஊர்கள். சிரசாசனம் பழகாதவர்கள் நெற்றியைத் தரையில் வைத்துக் குழந்தை மாதிரி மடங்கி இருக்கலாம். நெரிசலான அறையில் புதிதாக முயற்சி செய்தால் விழுவது நீங்கள் மட்டும் அல்ல. கடைசி வேடிக்கை உத்ப்லுதி. பத்மாசனத்திலோ சம்மணத்திலோ கையை ஊன்றி உடம்பையே தரையிலிருந்து தூக்க வேண்டும், பத்து மூச்சு. இந்தப் பத்தை எண்ணும்போது எல்லா ஆசிரியர்களுக்கும் கடிகாரம் மெதுவாகிவிடும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் யாராவது ஒருவர் முனகுவார். அந்த முனகல் கேட்டால் சரியான வகுப்புக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

‘லோகா சமஸ்தா சுகினோ பவந்து’ என்று முடியும் மங்கள சுலோகம், பிறகு படுக்கை.

8. தொட்டுத் திருத்துவது பற்றி

ஆசிரியரோ உதவியாளரோ கைவைத்துத் திருத்துவது இந்த மரபில் சாதாரணம். அதற்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. பட்டாபி ஜோயிஸ் 2009ல் இறந்த பின்னர், திருத்தம் என்ற பெயரில் தங்களிடம் பாலியல் அத்துமீறல் செய்தார் என்று அவருடைய பழைய மாணவிகள் பலர் வெளிப்படையாகப் பேசினார்கள். 2019ல் சரத் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு பல ஸ்டுடியோக்கள் தம் வழக்கத்தை மாற்றிக்கொண்டன. விரிப்பின் ஓரத்தில் வைக்க ஒரு சின்ன அட்டை தருவார்கள், ஒரு பக்கம் ‘தொடலாம்’, மறுபக்கம் ‘வேண்டாம்’. அட்டை இல்லாவிட்டால் வகுப்புக்கு முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நடுவில் மனம் மாறினாலும் சொல்லலாம். குரு, பெரியவர், வெளியூர் என்றெல்லாம் கூச்சப்பட்டு நம்மவர்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘நோ, தேங்க்ஸ்’ இரண்டே சொல்.

மாதவிடாய் நாட்களில் பெண்கள் மூன்று நாள் ஓய்வெடுப்பது இந்த மரபில் பழைய வழக்கம், ‘லேடீஸ் ஹாலிடே’ என்பார்கள். கட்டாயமா என்றால், பெரும்பாலான இடங்களில் இல்லை. உங்கள் உடம்பு, உங்கள் முடிவு.

9. முடிந்த பிறகு

சவாசனத்தில் போர்வையோ ஸ்வெட்டரோ போட்டுக்கொள்ளுங்கள், வியர்வை ஆறும்போது உடம்பு சட்டென்று குளிரும். முதலில் எழுந்து ஓடாதீர்கள். வாடகை விரிப்பைத் துடைத்து, ரக்கைத் துவைக்கும் கூடையில் போடுங்கள். தலையைத் துவட்டிக் குல்லா மாட்டாமல் பிப்ரவரிக் காற்றில் இறங்கினால் அடுத்த வெள்ளி வரை மூக்கு ஒழுகும். மறுநாள் காலை தொடையும் மார்பும் வலிப்பது சகஜம். மூட்டுக்குள் குத்துகிற வலி அப்படியல்ல, அதை டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

அன்று ஈரத் தலையோடு வரவேற்பு மேசைக்கு வந்தேன். முழங்கால் விண்விண் என்றது. மேசையில் இருந்த பெண், “எப்படி இருந்தது?” என்றாள். “எண்ணத் தெரியும் என்று நினைத்துவிட்டேன்” என்றேன். சிரித்துவிட்டு, “அடுத்த வெள்ளிக்குப் பதியட்டுமா?” என்று கணினியைத் திருப்பினாள். திரையைப் பார்த்துவிட்டு அவளே உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த வெள்ளி அமாவாசை.